ஹீலரின் கட்டைவிரல்

ரெய்டு முடிந்ததும் எல்லாரும் பார்ப்பது டேமேஜ் பட்டியலைத்தான். பாஸை யார் அதிகம் அடித்தார் என்று வாக்குவாதம் நடக்கும். இருபது பேரையும் விழாமல் காத்த நாலைந்து ஹீலர்களைப் பற்றிப் பேச்சே வராது. முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க் செத்தால் மட்டும் முதலில் அவர்கள் பெயர் அடிபடும். கோல்கீப்பரின் தலையெழுத்துதான். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஹீலரின் ஆட்டத்தை அலச வேண்டுமானால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு அவர் கையைப் பார்க்க வேண்டும்.

திரையில் இருபது கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு ஹெல்த் பட்டை. ஏழாவது பட்டை சட்டென்று பாதிக்குக் கீழே இறங்குகிறது. புதியவர் மவுஸை அங்கே கொண்டுபோய்க் கிளிக் செய்வார், பிறகு ஹீல் பட்டனை அழுத்துவார். அதற்குள் பாஸ் மேலிருந்த குறி போய்விட்டிருக்கும். பாஸின் மந்திரத்தைத் தடுக்க வேண்டுமென்றால் மறுபடி அவனைக் கிளிக் செய்ய வேண்டும். ஒரு ஹீலுக்கு மூன்று வேலை. ஒரு மந்திரத்துக்கும் அடுத்ததற்கும் கட்டாய இடைவெளி பொதுவாக 1.5 விநாடி, ‘ஹேஸ்ட்’ எனும் வேகம் ஏறினால் 0.75 வரை சுருங்கும். இந்தக் கணக்கில் வீண் கிளிக் ஒவ்வொன்றும் நஷ்டம்.

ஒரு பட்டனுக்கு நாமே எழுதிவைக்கும் கட்டளைதான் மேக்ரோ. மவுஸோவர் மேக்ரோ அந்த நஷ்டத்தை ஒரே வரியில் தீர்க்கிறது. மவுஸ் யார் மேல் நிற்கிறதோ அவர் நம்மாளாகவும் உயிரோடும் இருந்தால் அவருக்கு ‘ஃபிளாஷ் ஹீல்’ மந்திரம். இல்லையா, குறிவைத்திருக்கும் நம்மாளுக்கு. அதுவும் இல்லையா, எனக்கே. மேக்ரோவுக்குக் கிடைக்கும் 255 எழுத்தில் இது பாதிகூட வராது. பாஸ் மேலிருக்கும் குறியும் அசையாது. இதில் ‘உயிரோடு’ என்ற நிபந்தனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாலு பேர் விழுந்த நேரத்தில் மவுஸ் ஒரு பிணத்தின் மேல் நிற்கும். பட்டனை எத்தனை தடவை தட்டினாலும் ஒன்றும் நடக்காது.

எவ்வளவு ஹெல்த் மிச்சம் என்பதை மட்டும் மேக்ரோவால் கேட்க முடியாது. ஆரம்ப ஆண்டுகளில் ‘டீகர்சிவ்’ என்றொரு துணைநிரல் இருந்தது. யாருக்குச் சாபம், யாருக்கு விஷம் என்று அதுவே தேடிப் பிடிக்கும்; ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தால் போதும். 2006 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் ஆட்டத்தை உருவாக்கிய பிளிஸார்ட் அந்த வழியை அடைத்தது. நண்பனா, உயிரோடு இருக்கிறானா, ஷிஃப்ட் அழுத்தியிருக்கிறதா என்ற அளவில் மேக்ரோ கேட்டுக்கொள்ளலாம். யாரை முதலில் காப்பாற்றுவது என்பது ஆடுபவர் பாடு. அன்று பலர் கொதித்தார்கள். எனக்கோ அந்த முடிவால்தான் ஹீலிங் ஒரு ஆட்டமாகப் பிழைத்தது என்று படுகிறது.

‘கிளாசிக்’ எனும் பழைய பதிப்பில் ட்ரூயிட் ஹீலர்களின் அவசர மேக்ரோ எனக்கு மிகவும் பிடித்தது. ‘ஹீலிங் டச்’ மந்திரத்தின் உச்ச நிலையைப் போட 3.5 விநாடி ஆகும். டேங்க் அதுவரை தாங்கமாட்டார். ‘நேச்சர்ஸ் ஸ்விஃப்ட்னஸ்’ அடுத்த மந்திரத்தை உடனடியாக்கும்; கட்டாய இடைவெளியையும் தொடாது. அதனால் மூன்று வரியில் கதை முடிகிறது: போட்டுக்கொண்டிருப்பதை நிறுத்து, ஸ்விஃப்ட்னஸைப் போடு, ஹீலிங் டச்சை விடு. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும் என்பதால் எப்போது அழுத்துவது என்பதில்தான் ஆளின் தரம் தெரியும்.

ஒரே பட்டனில் நாலு ஹீலை வரிசையாகச் செருகுகிற பேராசைக்காரர்களும் உண்டு. வரிசை இரண்டாவதில் நிற்கும்போது தேவைப்படுவது நாலாவதாக இருக்கும். ‘ஃபைனல் ஃபேண்டசி 14’இல் இன்னும் மோசம்: மேக்ரோ வழியாகப் போடும் மந்திரம் முன்கூட்டி வரிசையில் நிற்காது. 2.5 விநாடி இடைவெளி முடிந்த பிறகுதான் அழுத்த முடியும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நேரம் ஒழுகும். அங்கே அடிக்கடி போடும் ஹீலுக்கு மேக்ரோ வைக்காதீர்கள்.

மவுஸ் கட்டத்தின் மேல் நிற்க, அதே கையின் கட்டைவிரல் மந்திரத்தை அழுத்தினால் எப்படி? சிங்கப்பூரரான மின்-லியாங் டான் இணைந்து நிறுவிய ரேசர், 2009இல் ‘நாகா’வை இறக்கியது. மவுஸின் பக்கவாட்டில் பன்னிரண்டு பட்டன். மவுஸோவருக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி இல்லை. சிங்கப்பூரில் இருப்பவர் தேக்காவிலிருந்து நடந்தே போகலாம், மின்னணுக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேருக்கு. வாங்குமுன் கையில் பிடித்துப் பாருங்கள். சின்னக் கை உள்ளவருக்குப் பன்னிரண்டில் கடைசி வரிசை எட்டாது. விரலுக்கு எட்டும் ஆறு பட்டனே போதும். ஆனால் ஒரே அழுத்தலில் பல மந்திரங்களைத் தானாக ஓடவிடும் வேலையை மவுஸ் மென்பொருளிடம் கொடுத்தால் கணக்கு முடங்கலாம்.

கடைசியாகத் தூரம். சிங்கப்பூரில் பலர் ஆடும் வார்கிராஃப்டின் ஓஷியானிக் சர்வர்கள் 2014 அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்தன. சிங்கப்பூரிலிருந்து சிட்னி சுமார் 6,300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி போய்வரவே 60 மில்லி விநாடிக்கு மேல் ஆகும், நடைமுறையில் ‘பிங்’ எனும் அந்தப் போய்வரும் நேரம் 100ஐ ஒட்டி நிற்கும். அடுத்த மந்திரத்தை எவ்வளவு முன்னதாக வரிசையில் ஏற்கலாம் என்பதற்கு ஆட்டத்தில் ஒரு அமைப்பு உண்டு. இயல்பாக அது 400 மில்லி விநாடி. அடிப்பவருக்கு அது வசதி. ஹீலருக்கோ, முதலாமவருக்கு அழுத்திய பின் இரண்டாமவர் சரிந்தால் மனம் மாறுவது சிரமம். சிராங்கூனில் உட்கார்ந்து ஆடுகிறவர் அதை 200க்கு இறக்கிப் பார்க்கலாம். பிங் அளவுக்கே இறக்கினால் மந்திரங்களுக்கு நடுவே ஓட்டை விழும்.