இருவர் வரைந்த மாமல்லை

புதுப்பட்டினத்துக்குச் சற்று வடக்கே, மாமல்லபுரத்துப் பாறைகளை வரைய இரண்டு ஆங்கிலேயர் வந்தார்கள். தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும். 1792-93இல் நடந்த தென்னிந்தியப் பயணம் அது. பெரியவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது, இளையவருக்கு இருபதைத் தாண்டிய வயது. உறவைவிடத் தோழமையே அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது.

அவர்களிடம் 'கேமரா அப்ஸ்கியூரா' என்ற இருட்டுப் பெட்டி இருந்தது. கண்ணாடி வில்லை வழியே எதிரிலுள்ள காட்சி தாளில் விழும். அதன்மேல் பென்சிலை ஓட்டினால் கோடு தப்பாது. ஆனால் நிழலும் வண்ணமும்? அதற்குக் கண்ணும் கையும்தான் வேண்டும்.

லண்டன் திரும்பியபின் செப்புத்தகட்டில் பிசின்தூள் தூவி, அமிலத்தால் அரித்து, அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டினார்கள். 1795 முதல் 1808 வரை வெளியான 'ஓரியண்டல் சீனரி' வரிசையில் 144 படங்கள். மாமல்லபுரமும் அதில் உண்டு. கொஞ்சம் அழகு கூட்டியிருக்கிறார்கள்தான். ஆனாலும் பாறையின் கனம் பொய்யில்லை.

இன்று அதே பாறைகளின் எதிரே ஒரு நிமிடத்தில் பத்து செல்ஃபி எடுத்துவிடுகிறோம். அடுத்த முறை ஒரு நோட்டும் பென்சிலும், பொறுமையுள்ள நண்பர் ஒருவரும் உடன் வரட்டும். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.