பெட்டியைத் தூக்கும் டிராகுலா

கல்லூரி விடுதியில் 1958இல் வந்த ‘டிராகுலா’வை லேப்டாப்பில் போட்டபோது யாருமே பயப்படவில்லை. டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய படம். சாயம் மாதிரி ரத்தம், கறுப்பு அங்கி. விழுந்து விழுந்து சிரித்தோம். ‘இதுக்கா பிரிட்டன்ல பெரியவங்களுக்கு மட்டும்னு சான்றிதழ் குடுத்தாங்க?’ என்றான் அறைத்தோழன்.

பல வருடம் கழித்து, அலுவலகத் தோழி ஒருத்தி அதே படத்தைப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டாள். லூசி தன் கழுத்துச் சிலுவையைக் கழற்றி வைத்துவிட்டு, கதவைத் திறந்துபோட்டு, படுத்துக் காத்திருக்கிறாள். கடைசியில் ஆண்கள் கூடி அவள் நெஞ்சில் முளையடிக்கிறார்கள். ‘அவளுக்கு என்ன வேணும்னு ஒருத்தனாவது கேட்டானா?’ நியாயமான கேள்வி. அடக்கிவைத்த ஆசைதான் படத்தின் மையம் என்பது விமர்சகர்கள் நிறைய எழுதிய கோணமும்கூட. நானும் அதோடு நின்றுவிட்டேன்.

போன பொங்கலுக்கு ராசிபுரம் பக்கம் அம்மாயி வீட்டில் அந்தப் படத்தை டிவியில் ஓடவிட்டேன். அம்மாயிக்கு ஆங்கிலம் தெரியாது. பூண்டைக் கண்டு பயப்படுகிறான் என்றதும் மட்டும் சிரித்தார். ஆனால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது ரத்தம் வரும் இடத்தில் இல்லை. கிறிஸ்டோபர் லீ மாடிப்படி இறங்கி வந்து, மரியாதையாகப் பேசி, விருந்தாளியின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போகிறாரே, அங்கே.

‘மொத நாளு இப்படித்தான் வருவான் கண்ணு. நம்ம மூட்டையெ அவனே தூக்குவான்.’

அப்புச்சி லாரி வாங்கக் கடன் பட்ட கதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. லாரியும் போனது, கிணற்று மேட்டுக் காடும் போனது. வட்டிக்காரனை ‘ரத்தத்தை உறிஞ்சறான்’ என்று சொல்வது எங்கள் பக்கம் வெறும் பேச்சுவழக்கு என்றுதான் நினைத்திருந்தேன். கந்துவட்டிக்கு எதிராக 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும், பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்திகளைப் படித்தோம். மூலதனத்தை ரத்தக்காட்டேரியோடு ஒப்பிட்ட மார்க்ஸைப் படித்தவன் நான். படிக்காத அம்மாயி ஒரே காட்சியில் அங்கே வந்து சேர்ந்துவிட்டார்.

திரும்பப் பார்த்தால் படமும் அவர் பக்கம்தான் நிற்கிறது. டிராகுலா பேசுவதெல்லாம் ஆரம்பத்தில் ஹார்க்கரிடம் மட்டும். அதற்கப்புறம் ஒரு வசனம்கூட இல்லை. முதலில் இனிப்பான பேச்சு, பிறகு வசூல். லூசி கதவைத் திறந்துவைப்பதும் வேறு மாதிரி தெரிகிறது. ஆசை இருக்கலாம். ஒருமுறை மாட்டியவரால் அடுத்த தவணைக்குக் கதவைச் சாத்த முடியாது என்பதும் இருக்கலாம்.

ஒரே இடத்தில்தான் அம்மாயி படத்தோடு ஒத்துப்போகவில்லை. வான் ஹெல்சிங் திரையைக் கிழித்து, வெயில் பட்டு டிராகுலா சாம்பலானதும் உதட்டைப் பிதுக்கினார்.

‘வெயில்ல சாவானா? அவன் வர்றதே காலைல பத்து மணிக்குத்தானே.’

வெயிலில் சாவது 1922இன் ‘நோஸ்ஃபெராட்டு’ சேர்த்த விஷயம். பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலா பட்டப்பகலில் தெருவில் நடப்பான். அம்மாயி அந்த நாவலைப் படித்ததில்லை.

விடுதியில் நாங்கள் சிரித்தது படம் பழசு என்பதாலா, எங்கள் வீட்டு வாசலில் யார் வந்து நின்றார்கள் என்பதை மறந்திருந்ததாலா? இப்போது அந்தப் பெட்டி தூக்கும் காட்சி வந்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.