பக்கத்து வீட்டு நீதிபதி

நம்மூர்க் கல்யாணப் பத்திரிகைகளிலும் கோயில் திருவிழா பேனர்களிலும் சில பெயர்களுக்குப் பின்னால் 'ஜே.பி.' என்று போட்டிருக்கும். சின்ன வயதில் அதை ஏதோ படிப்புப் பட்டம் என்றே நினைத்திருந்தேன். 'சமாதான நீதிபதி' என்று பிறகுதான் தெரிந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன பதவி. 1361இல், மூன்றாம் எட்வர்ட் காலத்துச் சட்டம் ஒன்றில் அது உருப்பெற்றது. ஊரில் நிலமும் பெயரும் உள்ளவர்களே ஊர்க்காரர்களின் வழக்கை விசாரிக்கும் ஏற்பாடு. பெரும்பாலோர் சட்டம் படித்தவர்கள் இல்லை.

இந்த நீதிபதியை ஆங்கில இலக்கியம் எப்படிப் பார்த்தது என்று தேடிப் படித்ததில் இரண்டு காட்சிகள் என்னை விடவில்லை.

முதலாவது, ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி', இரண்டாம் பாகம். க்ளோஸ்டர்ஷயரில் ஷாலோ என்றொரு கிழட்டு சமாதான நீதிபதி. இளமைக் கால வீரப்பிரதாபங்களை அளந்துகொண்டே இருப்பவர். வீட்டு வேலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வேலைக்காரன் டேவி ஒரு வழக்கை நுழைக்கிறான். தன் நண்பனுக்குச் சாதகமாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அவன் அயோக்கியனாச்சே என்கிறார் ஷாலோ. டேவியும் ஒத்துக்கொள்கிறான். ஆனால் யோக்கியன் தனக்காகத் தானே பேசிக்கொள்வான், அயோக்கியனுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறான். ஷாலோ சரி என்றுவிடுகிறார். சில வரிகளில் முடிந்துபோகும் காட்சி. காசு கைமாறவில்லை. "நம்ம ஆளுதான், கொஞ்சம் பாத்துக்குங்க" என்ற குரலை நாம் எல்லோரும் கேட்டிருப்போம், சொல்லியும் இருப்போம்.

இரண்டாவது, ஹென்றி ஃபீல்டிங் 1751 கடைசியில் வெளியிட்ட 'அமீலியா' நாவலின் தொடக்கம். அதில் வரும் நீதிபதி த்ராஷருக்குச் சட்டத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஐரிஷ் உச்சரிப்பைக் கேட்டதுமே ஒருவன் குற்றவாளி என்று முடிவுகட்டுகிறார். எஜமானிக்குப் பிரசவ வலி என்று மருத்துவச்சியை அழைக்க ஓடிய வேலைக்காரப் பெண்ணை வேசி என்று சிறைக்கு அனுப்புகிறார். காசுள்ளவர்கள் தப்பிக்கிறார்கள்.

த்ராஷரைப் படிக்கும்போது கோபம் வருகிறது. கூடவே ஒரு நிம்மதியும். நாம் அப்படி இல்லையே! இதுதான் அந்தப் பாத்திரத்தின் பலவீனம் என்று நினைக்கிறேன். ஷாலோ அந்த நிம்மதியைத் தருவதில்லை. அவர் நல்ல மனிதர், நம் மாமா மாதிரி.

ஃபீல்டிங்கே லண்டன் போ தெருவில் சமாதான நீதிபதியாக இருந்தவர். பதவிக்குத் தேவையான சொத்துத் தகுதியைக்கூட பெட்ஃபோர்ட் பிரபுவின் தயவில்தான் பெற்றார். ஆனால் கை சுத்தம். அந்த நாற்காலியில் வருடத்துக்கு ஏறக்குறைய 500 பவுண்டாக வந்துகொண்டிருந்த அழுக்குப் பணத்தைச் சுமார் 300ஆகக் குறைத்ததாகக் கடைசிப் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதை நம்பலாம்.

1749 ஜூலையில் ஸ்ட்ராண்ட் பகுதி விபசார விடுதிகளை மாலுமிகள் அடித்து நொறுக்கினார்கள். பொசவர்ன் பென்லெஸ் என்ற இளம் விக் தொழிலாளி ஒரு துணி மூட்டையோடு பிடிபட்டான். அவனை விசாரணைக்குச் சிறைக்கு அனுப்பியவர் ஃபீல்டிங். கலகச் சட்டத்தின்கீழ் மரண தண்டனை. ஜூரிகள் கருணை காட்டக் கேட்டும் அக்டோபரில் தூக்கிலிட்டார்கள். ஊர் கொதித்தது. ஃபீல்டிங் தண்டனையை நியாயப்படுத்திச் சிறுநூல் எழுதினார். அந்தத் துணி மூட்டையைக் காட்டி, பென்லெஸ் ஒரு திருடன் என்று வாதிட்டார். திருட்டு வழக்கு விசாரிக்கப்படவே இல்லை.

லஞ்சம் வாங்காத, சட்டம் படித்த, தான் செய்தது சரி என்று முழுமனதாக நம்பிய நீதிபதி. இரண்டு வருடம் கழித்து நாவல் எழுத உட்கார்ந்தபோது அவர் த்ராஷரைப் படைத்தார். தன்னைப் போன்ற ஒருவரைப் படைக்கவில்லை.

'அமீலியா'வை வாசிப்பவர்கள் பென்லெஸ் பற்றிய அந்தச் சிறுநூலையும் சேர்த்து வாசியுங்கள். நாவலில் இல்லாத நீதிபதி அதில் இருக்கிறார்.