இரட்சணிய யாத்திரிகத்தில் பகைவர்: உருவகப் போரும் சிலுவை மன்றாட்டும்

ஆய்வுச் சுருக்கம்

பகைவரை நேசிக்க வேண்டும் என்பது கிறித்தவ அறத்தின் தலையாய கட்டளைகளுள் ஒன்று. பகைவனை வெல்வது தலைவனுக்குப் புகழ் என்பது காப்பிய மரபு. எச்.ஏ.கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தில் இவ்விரண்டும் எவ்வாறு எதிர்ப்படுகின்றன, அம்முரணை நூல் எந்த அளவிற்குத் தீர்க்கிறது என்பவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

முன்னுரை

கிருஷ்ணபிள்ளை (1827–1900) நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1858-இல் கிறித்தவம் தழுவியவர். 1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன் 1678-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மோட்சப் பயண உருவகக் கதையைத் தழுவி, ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக விரிவது. இந்நூலைப் பற்றிய ஆய்வுகள் கம்பனின் சொல்லாட்சியையும் சந்தத்தையும் முன்னிறுத்துவது வழக்கம். ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் பெயரே அதற்குச் சான்று. ஆனால் கம்பனிடமிருந்து வரும் காப்பிய வடிவம் தன்னோடு ஓர் அறத்தையும் கொண்டுவருகிறது. அவ்வறம் நற்செய்தியின் அறத்தோடு முழுவதும் ஒத்துப்போகிறதா என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

ஒரு சொல், இரு பகைவர்

மத்தேயு நற்செய்தி 5:44-இல் நேசிக்கப்பட வேண்டியவராகச் சுட்டப்படுபவர் பகைவர். அதே நற்செய்தியின் 13:39-இல் கோதுமை வயலில் களை விதைக்கும் பிசாசும் பகைவனே. கிரேக்க மூலத்தில் இரண்டிடத்தும் ‘எக்த்ரோஸ்’ என்னும் ஒரே சொல்லும், பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘சத்துரு’ என்னும் ஒரே சொல்லும் ஆளப்படுகின்றன. ஒருவர் நேசத்திற்கு உரியவர். மற்றவன் எதிர்ப்பிற்கு உரியவன். இவ்விருவரையும் பிரிக்கும் கோட்டை எபேசியர் 6:12 வரைகிறது: விசுவாசியின் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அன்று, தீய ஆவிகளோடு. எனவே மனிதனாக வரும் எந்தப் பகைவனும் போர்க்களத்தின் எல்லைக்குள் வைக்கத்தக்கவன் அல்லன். இக்கோடு அழிந்தால் மனிதன் பிசாசாகிவிடுவான். நேசிக்கும் கடமையும் அங்கே முடிந்துவிடும்.

தமிழ் மரபும் பகையை ஒரே தளத்தில் வைத்துப் பேசவில்லை. திருக்குறள் இன்னாசெய்யாமையைத் துறவறவியலில் வைக்கிறது. பகைமாட்சி, பகைத்திறந்தெரிதல், உட்பகை ஆகியவற்றைப் பொருட்பாலில் வைக்கிறது. தீமை செய்தவரை நாணும்படி நன்மை செய்தலே தண்டனை என்னும் குறட்கருத்தும், பசித்த பகைவனுக்கு உணவளித்தலை அவன் தலைமேல் தணல் குவித்தலாகக் கூறும் உரோமர் 12:20-உம் நெருங்கி நிற்கின்றன. வேறுபாடு, கட்டளை யாருக்கு என்பதில் உள்ளது. வள்ளுவர் நிலைக்கேற்ப அறத்தை வகுக்கிறார். மலைப்பொழிவோ வேந்தன், இல்லறத்தான், துறவி என்று பிரிக்காமல் கேட்போர் அனைவர்மீதும் ஒரே கட்டளையைச் சுமத்துகிறது.

கம்பனின் இரக்கமும் சிலுவையின் மன்றாட்டும்

முதல்நாள் போரில் படைக்கலம் இழந்து நின்ற இராவணனை, இன்று போய் நாளை வருமாறு இராமன் அனுப்பிவிடுகிறான். தமிழ்க் காப்பிய மரபில் பகைவனிடம் காட்டப்பட்ட பெருந்தன்மையின் உச்சம் இது. ஆயினும் இது வெல்லும் வலிமை உடையவன் காட்டும் இரக்கம். போர் ஒத்திவைக்கப்படுகிறதே தவிர, கைவிடப்படவில்லை.

கிருஷ்ணபிள்ளை குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலத்தில் இயேசுவின் பாடுகளை விரித்துரைக்கிறார். அங்கே துன்புறுத்துவோர்க்காக மன்றாடுபவர் உடல் நைந்து தவிப்பவர். வலிமை முழுவதும் எதிர்த்தரப்பிடம் இருக்கிறது. செய்வதை அறியாதவர்கள் என்று அவர்களைப் பற்றிக் கூறும்போது, பகைவர் மீண்டும் தவறக்கூடிய, திருந்தக்கூடிய மனிதர்களாகின்றனர். கம்பனின் கனிந்த நடையிலேயே கம்பனின் களத்தில் இடம்பெற இயலாத ஒரு செயலைக் கவிஞர் பாடிவிடுகிறார்.

இதில் அமைப்பு சார்ந்த சிறப்பும் உண்டு. பனியனின் கதையில் பயணி சிலுவையைக் கண்டதும் முதுகுச்சுமை கழன்று விழுகிறது. பாடுகளின் வரலாறு அங்கே விரிவாகச் சொல்லப்படுவதில்லை. தமிழ்க் கவிஞர் அதைச் சேர்த்து, பயணத்தின் பெரும்போர்களுக்கு முன்னே நிறுத்துகிறார். பின்வரும் போர்களை எந்த ஒளியில் படிக்க வேண்டும் என்பதற்கு அதுவே அளவுகோலாகிறது.

உருவகத்தின் எல்லை

அந்த அளவுகோலைக் கொண்டு நூலையே அளந்தால் ஒரு குறை தெரிகிறது. உருவகக் கதையில் பகைவர்களின் பெயர்கள் தீக்குணங்களின் பெயர்கள். பனியனின் மாயச் சந்தையில் பயணியின் தோழனுக்கு மரணத் தீர்ப்பளிக்கும் நீதிபதியின் பெயர் நன்மையை வெறுப்பவன். சாட்சி சொல்பவர்களுள் ஒருவன் பொறாமை. தோழனின் கொலை தமிழ்க் காப்பியத்திலும் முதன்மையான திருப்பம். பொறாமை என்றே பெயர் பெற்றவன் பொறாமையை விட்டுவிட்டால் அவனாக இருக்கமாட்டான். மனந்திரும்ப முடியாதவனுக்காக மன்றாடுவதற்கும் இடமில்லை.

இப்பகைவர்கள் பயணியின் உள்ளத்தில் உள்ளவர்களே என்று மறுக்கலாம். அவநம்பிக்கை அரக்கனைப் பொறுத்தவரை அம்மறுப்பு பொருந்தும். நீதிமன்றத்தைப் பொறுத்தவரை பொருந்தாது. 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டு சிறையில் கிடந்த பனியனுக்கு நீதிபதிகள் உள்ளத்து நிழல்கள் அல்லர். துன்புற்றவன் துன்புறுத்தியவனுக்கு இட்ட பெயரையே உருவகம் அவனுடைய இயல்பாக்கிவிடுகிறது. இவ்வகையில் வடிவம் பகைவனிடமிருந்து மனித முகத்தைப் பறிக்கிறது. இரட்சணிய சரிதப் படலம் அம்முகத்தைத் திருப்பித் தருகிறது. நூலின் உள்முரண் இதுவே.

வரலாற்றில் ஓர் ஒப்புமை

வண்டலூருக்கு அண்மையில், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில், 1938 டிசம்பரில் உலக மறைப்பணி மன்றத்தின் மாநாடு கூடியது. சீனாவும் சப்பானும் போரில் இருந்த காலம் அது. சீன இறையியலர் சாவ் த்சு-சென்னும் சப்பானியர் தோயோஹிகோ ககாவாவும் அதில் பங்கேற்றனர். மாநாடு போரை நிறுத்தவில்லை. 1940-இல் ககாவா தம் நாட்டுக் காவலரால் கைது செய்யப்பட்டார். 1941-இல் சாவ் சப்பானியரால் சிறையிடப்பட்டார். எனினும் பகைநாட்டவன் பெயரும் முகமும் உடைய மனிதனாக அங்கே எதிரில் அமர்ந்திருந்தான். உருவகத்தால் தர இயலாதது இதுவே.

முடிவுரை

இரட்சணிய யாத்திரிகம் பகைவரைப் பற்றி இரு குரலில் பேசுகிறது. காப்பிய வடிவம் வெற்றியைக் கேட்கிறது. பாடுகளின் வரலாறு மன்னிப்பைக் கேட்கிறது. கிருஷ்ணபிள்ளை இம்முரணை முழுமையாகத் தீர்க்கவில்லை. ஆனால் மன்னிப்பை முன்வைத்துப் போரைப் பின்வைத்ததன் வழியே எது எதற்கு உட்பட்டது என்பதை வரிசையாலேயே உணர்த்திவிட்டார். அவ்வரிசையைக் கைவிட்டுப் போர்ப்பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பாடம் சொல்வோர், அயலானைத் தீக்குணத்தின் பெயரால் அழைக்கவே மாணவரைப் பழக்குவர். பாடத்திட்டத்தில் இந்நூலை வைக்கும்போது குமார பருவத்தையும் உடன்வைத்துப் படிக்க வேண்டியதன் தேவை இங்கிருந்தே எழுகிறது.