அந்திக் காரணி: ஸ்கோப் கேட்டலாக்கில் ஓர் அலங்கார எண்

ரைபிள் ஸ்கோப் விற்கிற ஐரோப்பியக் கேட்டலாக்குகளில் உருப்பெருக்கம், முன்லென்ஸின் விட்டம், எடை என்று போகிற பட்டியலில் ‘அந்திக் காரணி’ என்று ஓர் எண் இருக்கும். மங்கலான வெளிச்சத்தில் அந்த ஸ்கோப் எவ்வளவு உதவும் என்பதற்கான அளவாம். 8×56 ஸ்கோப்புக்கு 21.2. 4×32 ஸ்கோப்புக்கு 11.3. பார்த்ததுமே முதலாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உசத்தி என்று தோன்றும். விற்பவருக்கும் அதுதானே வேண்டும்!

வேட்டை நமக்கெதற்கு என்று கேட்கலாம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் இந்தியாவில் விளையாட்டு வேட்டையை முடித்துவைத்துவிட்டன. ஆனால் பறவை பார்க்க பைனாகுலர் வாங்குகிறவர்களும் இதே எண்ணைச் சந்திக்கிறார்கள். அவர்களுக்கு எண் தப்பாக வழிகாட்டினால் கொஞ்சம் காசு வீண், அவ்வளவுதான். ஜெர்மனியில் வயலோரப் பரணில் உட்கார்ந்து, இருட்டும் நேரத்தில் காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பவருக்கு அப்படியில்லை. குண்டு தப்பான இடத்தில் பட்டால், பன்றி காயத்தோடு ஓடிப் புதருக்குள் இரவெல்லாம் கிடந்து சாகும். அதனால் இந்த எண்ணை அந்தப் பரணில் வைத்தே சோதித்துப் பார்ப்போம்.

கணக்கு எளிது. உருப்பெருக்கத்தை முன்லென்ஸின் விட்டத்தால் (மி.மீ.) பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 8×56 = 448; வர்க்கமூலம் 21.2. சரி, இப்போது நான் 25×20 என்று ஒரு ஸ்கோப் செய்கிறேன் என்று வையுங்கள். 25 மடங்கு பெருக்கும், முன்லென்ஸ் வெறும் 20 மி.மீ. பெருக்கினால் 500, வர்க்கமூலம் 22.4. அதாவது ஜெர்மன் வேட்டைக்காரர்கள் பல காலமாக இருட்டுக்கென்றே வைத்திருக்கும் 8×56-ஐ என் ஸ்கோப் தோற்கடித்துவிட்டது! உண்மையில் அந்தியில் அதன் வழியாகப் பார்த்தால் பன்றி தெரியாது, வயலே தெரியாது.

ஏன் என்றால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் என்று இன்னொரு கணக்கு இருக்கிறது. விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுக்க வேண்டும். 8×56-ல் அது 7 மி.மீ. என் 25×20-ல் 0.8 மி.மீ. ஊசித் துளை வழியாகப் பார்ப்பது மாதிரிதான். இருட்டில் இளைஞரின் கண்பாவை ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரியும். 8×56-ன் 7 மி.மீ. கற்றை அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்த ஸ்கோப்பின் புகழுக்குக் காரணம் இந்தப் பொருத்தம்தான். வயது ஏற ஏற கண்பாவை விரிவது குறைகிறது. ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு 5 மி.மீ. பக்கம்தான். அவர் 8×56 வாங்கினால் 7 மி.மீ. கற்றையின் ஓரங்கள் கருவிழியில் விழுந்து வீணாகும். கனமான கண்ணாடியைச் சுமந்ததுதான் மிச்சம். அந்திக் காரணியில் கண் என்ற உறுப்புக்கே இடமில்லை.

கண்ணாடியின் தரத்துக்கும் அதில் இடமில்லை. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் சுமார் 4% வெளிச்சம் திரும்பிப்போகும். ஸ்கோப்புக்குள் பத்து பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காலி. இதைத் தடுக்கும் பூச்சை 1935-ல் ட்ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்தார். ஸ்கோப்பின் வரலாற்றில் பெரிய பாய்ச்சல் அது. பூச்சுள்ள 8×56, பூச்சில்லாத 8×56 இரண்டுக்கும் அந்திக் காரணி ஒன்றுதான்: 21.2. மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், கோடை ஓட்டிப் பார்க்காமல் ஃபைல் சைஸை வைத்து மார்க் போடுகிற பெஞ்ச்மார்க் இது.

நியாயமாகச் சொல்வதென்றால், எண்ணுக்குப் பின்னால் ஓர் உண்மையும் உண்டு. மங்கலில் விவரம் தெரிய வெளிச்சம் மட்டும் போதாது, பெருக்கமும் உதவும். ஒளிக்கற்றை கண்ணுக்குப் போதுமானதாக இருக்கும்வரை இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு. அந்த நிபந்தனையைக் கேட்டலாக் அச்சிடுவதில்லை என்பதுதான் என் குறை.

பெருக்கத்தின் மேலுள்ள மோகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 200 மீட்டரில் நிற்கும் மான் 4 மடங்கு ஸ்கோப்பில் 50 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி சுமார் 20 செ.மீ. அகலம். அதைக் குறிவைக்க இது தாராளம். அமெரிக்க வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ’கானரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் .270 ரைபிளில் இருந்ததும் 4 மடங்கு ஸ்கோப்தான். 9 மடங்குக்குப் போனால் 100 மீட்டரில் தெரியும் பரப்பு நாலரை மீட்டர் அகலத்துக்குச் சுருங்கிவிடும். விலங்கு இரண்டடி நகர்ந்தால் தேட வேண்டும். பின்னால் இன்னொரு விலங்கு நிற்கிறதா, ஆள் யாராவது வருகிறாரா என்பதும் தெரியாது. கூடவே கை நடுக்கமும் 9 மடங்காகத் தெரியும்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? அந்திக்கு என்றால் முதலில் உங்கள் கண்பாவையின் அளவு. கண் பரிசோதகர் அளந்து சொல்வார். அடுத்து குறுக்குக்கோடு. மெல்லிய கோடு இருட்டில் கரைந்துபோகும். மூன்று தடித்த பட்டைகளும் நடுவில் மெல்லிய கோடும் கொண்ட ஜெர்மன் 4-ம் எண் வடிவம் இதற்காகவே வந்தது. சிவப்புப் புள்ளி ஒளிரும் வகை என்றால், அதை எவ்வளவு மங்கலாக வைக்க முடிகிறது என்று பாருங்கள். கூசும் புள்ளி கண்பாவையைச் சுருக்கிவிடும். பிறகு கண்ணுக்கும் பின்லென்ஸுக்கும் உள்ள இடைவெளி. 9 செ.மீ. அளவு இல்லாவிட்டால், துப்பாக்கி உதைக்கும்போது புருவம் கிழியும். கடைசியாக, ஸ்கோப்பை ரைபிளில் பிடித்திருக்கும் மவுண்ட். அதன் திருகு தளர்ந்தால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் செல்லாது. இலக்குத் தாளில் சுட்டுச் சரிபார்க்காமல் காட்டுக்குக் கிளம்பக் கூடாது.

எந்தக் காரணியாலும் காப்பாற்ற முடியாத ஒரு பழக்கமும் உண்டு: புதரில் அசைவது என்ன என்று ஸ்கோப் வழியாகப் பார்ப்பது. ஸ்கோப் திரும்பும் பக்கமெல்லாம் குழலும் திரும்பும். அசைந்தது காளான் பறிக்க வந்த கிழவியாக இருந்தால், அவர் நெஞ்சுக்கு நேராக ஏற்கெனவே துப்பாக்கி நிற்கிறது. அடையாளம் காண பைனாகுலர், ஸ்கோப் அதற்கப்புறம். பைனாகுலரிலும் பன்றியா வேறேதோ என்று நிச்சயமாகத் தெரியவில்லையா, அன்றைக்குப் பரணிலிருந்து இறங்கிவிட வேண்டியதுதான். 21.2 என்ற எண்ணை நம்பி இன்னும் அரைமணி நேரம் உட்காரக் கூடாது.