இரண்டு நிமிட விதி

தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணத்தில் 2004இல் தொடங்கிய கேப் எபிக் மலை சைக்கிள் பந்தயத்தில் தனியாகப் பெயர் கொடுக்க முடியாது. ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். எட்டு நாள், ஏறக்குறைய 700 கிலோமீட்டர், கல்லும் மணலும் புழுதியும். தூரத்தைவிட எனக்குப் பிடித்தது அதில் உள்ள ஒரு விதி. ஜோடிக்குள் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது, விழுந்தால் அபராதம். இருவரில் பின்தங்கியவர் கோட்டைத் தொடும் நேரமே அணியின் நேரம்.

இதனால் வலுவானவரின் வேலை மாறிவிடுகிறது. எதிர்காற்றில் முன்னே போய்க் காற்றை வாங்கிக்கொள்வார். செங்குத்து ஏற்றத்தில் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, மறு கையைக் கூட்டாளியின் இடுப்பில் வைத்துத் தள்ளுவார். டயரைக் கல் கிழித்துவிட்டால் ஒருவர் ரப்பர் திரியை ஓட்டையில் திணிக்க, மற்றவர் காற்றடைக்கத் தயாராக நிற்பார். பேச்சே இருக்காது.

சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோஃப் சவுசர் இந்தப் பந்தயத்தை ஐந்து முறை வென்றவர். 2011, 2012இல் உடன் ஓட்டிய பர்ரி ஸ்டாண்டர், 2013 ஜனவரியில் பயிற்சியின்போது வாகனம் மோதி இறந்தார். அந்த ஆண்டு யாரோஸ்லாவ் குல்ஹாவியோடு ஓட்டி சவுசர் மீண்டும் வென்றார். எத்தனை பெரிய வீரருக்கும் ஒரு துணை வேண்டும் என்பதுதான் இங்கே சட்டம்.

நேரலையில் பார்க்க வாய்த்தால், முன்னால் போகிறவர் எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.