தங்குகடலுக்கு ஓர் அறைப்படகு

இரவில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் படகில், அறை என்பது வசதியாகத் தொடங்கி எடையாக முடியும் பொருள். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஒரு கூரை, சுக்கான் பிடிப்பவர் முன் ஒரு கண்ணாடி, முறைவைத்துக் கண்ணயர இரண்டு பலகை. இவ்வளவுக்காகத்தான் அது படகில் ஏறியது. ஆனால் அதன் ஒவ்வொரு பலகையும் நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றப்பட்ட சுமை. ஒவ்வொரு சுவரும் காற்றுக்குக் கொடுத்த பிடி. மலேசியாவின் லுமுட்டிலும் பங்கோரிலும் துறையில் கட்டிக் கிடக்கும் படகுகளைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், எந்தப் படகின் அறை தன் அளவறிந்து நிற்கிறது, எது வீட்டைப் போல வளர்ந்துவிட்டது என்பது பழகிய கண்ணுக்குச் சட்டெனத் தெரியும். ரசனையும் பாதுகாப்பும் ஒரே இடத்தில் கூடும் தொழில்கள் அதிகமில்லை. படகு கட்டுவது அவற்றில் ஒன்று.

ஈப்போவின் சிலிபினிலிருந்து லுமுட்டுக்கு, ஸ்ரீ இஸ்கந்தார், ஆயர் தாவார், சித்தியவான் வழியாக ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஈப்போ வட்டாரத்துத் தூண்டில்காரர்களுக்கு எட்டும் கடல் இதுதான். இங்கிருந்து போகும் இடங்கள் இரண்டு. தெற்கே செம்பிலான் தீவுகள். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். மற்றது மலாக்கா நீரிணையின் நடுவே தனித்து நிற்கும் ஜாராக் தீவு, லுமுட்டிலிருந்து சுமார் 35 கடல் மைல். எட்டு நாட் வேகத்தில் ஓடும் படகுக்கு அது நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டம். செம்பிலானோடு திரும்பிவிடுகிறவர் அறைக்குப் பணம் செலவழிப்பது வீண். ஒரு திறந்த ஃபைபர் படகும் நல்ல கூடாரத் துணியும் போதும். ஜாராக் போகிறவருக்குத்தான் அறை என்ற பேச்சே எழுகிறது.

அந்தக் கடலின் குணம் தெரியாமல் படகைத் தேர்ந்தெடுக்க முடியாது. மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. பெருங்கடலில் போல நீண்டு உருண்டு வரும் அலை இங்கே கிடையாது. நெருக்கமாக, செங்குத்தாக எழும் குட்டை அலைதான். அதோடு தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும், ஏறக்குறைய ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்று புறப்பட்டு வரும். அது வருவது பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின்னும் விடியலை ஒட்டியும். அரை மணி நேரத்துக்கு முன் கண்ணாடி போலக் கிடந்த நீரில் 40 நாட் வேகக் காற்று வீசும், பார்வையை மறைக்கும் மழை கொட்டும். படகு நங்கூரத்தில் கிடந்து, பாதிப் பேர் உறங்கும் நேரம் அது. இங்கே வாங்கும் அறைப்படகை எடைபோட வேண்டியது அந்த நேரத்தை மனத்தில் வைத்துத்தான்.

மாசி மகத்துக்குப் பங்கோர் பத்ரகாளியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் லுமுட்டில் ஃபெரி ஏறி, சுங்கை பினாங் கெச்சில் துறையை நெருங்கும்போது மீன்பிடிப் படகுகளையும் படகுப் பட்டறைகளையும் பார்த்திருப்பார்கள். தீவுக்குச் செல்வோர் பலர் அந்த இடத்தில் கைப்பேசியைத் திருப்பிக் கோவில் பக்கம் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். சற்று நின்று படகுகளையும் பார்க்கலாம். நல்ல மரப்படகின் விளிம்புக் கோடு அணியத்தில் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, அமரத்தில் மறுபடி சிறிது எழும். இது அழகுக்காக வளைத்த வளைவன்று. அணியம் அலையைப் பிளக்க உயரம் வேண்டும். வலையையோ மீனையோ குனிந்து தூக்க நடுப்பகுதி தாழ்ந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து ஏறும் அலைக்கு அமரம் இடம் தரக் கூடாது. மூன்று தேவைகளும் ஒரே கோட்டில் ஒத்துப்போன படகு நின்ற இடத்திலேயே ஓடுவது போலிருக்கும். இந்தக் கோட்டை அறை வெட்டக் கூடாது; அதன் மேல் உட்கார வேண்டும்.

மலேசிய மரப்படகுகளில் முதலிடம் செங்கால் மரத்துக்கு. ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் எடை கொண்ட இந்த மரம் பூச்சிக்கும் உளுப்புக்கும் எளிதில் இடம் கொடுக்காது. திரங்கானுவின் டுயோங் தீவில் செங்கால் படகைக் கட்டும் முறை தனியானது: வரைபடம் இல்லை, பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து மர ஆணியால் கோத்து, இடுக்கில் கெலாம் மரப்பட்டை வைத்து, உடல் உருவான பின்பே உள்ளே விலா போன்ற வங்குக்கால்களைப் பொருத்துவார்கள். தமிழகக் கரையில் பழக்கம் வேறு. முதலில் ஏரா என்னும் அடிமரம், அதன்மேல் வங்கு, கடைசியில் பலகை; இடுக்குகளுக்குப் பஞ்சு திணித்துக் கலப்பத்து. இரண்டும் நல்ல படகைத் தருகின்றன. ஆனால் செங்கால் இன்று அரிதாகி விலை ஏறிவிட்டது. தூண்டில்காரர் வாங்கக் கிடைப்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகளும், தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற மரப்படகுகளும்தாம்.

உடலின் வடிவத்தில் இரண்டு வழி. நீரைத் தள்ளிக்கொண்டு ஓடும் உருண்டை அடிப்படகின் வேகத்தை அதன் நீளமே தீர்மானிக்கிறது. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் உச்ச வேகம் வரும். 36 அடிக்கு அது எட்டு நாட். அதற்குமேல் எவ்வளவு பெரிய இன்ஜின் வைத்தாலும் எண்ணெய்தான் எரியும். மற்றது நீர்மேல் எழும்பி வழுக்கி ஓடும் படகு; 20, 25 நாட் போகும், ஜாராக்கை இரண்டு மணி நேரத்துக்குள் எட்டும். படகின் அடி வி வடிவில் ஆழமாக இருந்தால் குட்டை அலையைக் கொஞ்சம் தாங்கும். தட்டையாக இருந்தால் ஒவ்வொரு அலையிலும் முதுகெலும்பு கணக்குச் சொல்லும். அந்த வேகப் படகும் நங்கூரம் போட்டு நின்றுவிட்டால் வெறும் இலேசான ஓடு. இரவு முழுவதும் ஆடிக்கொண்டே இருக்கும். போவதற்கு ஒன்று, தங்குவதற்கு மற்றொன்று என்பதே உண்மை நிலை. தங்குவது நோக்கமென்றால் மெதுவான உடலே மேல்.

அறை எங்கே அமைய வேண்டும் என்பதில்தான் ரசிகர்கள் அதிகம் சண்டையிடுகிறார்கள். அமெரிக்காவின் மெயின் மாநிலத்துச் சிங்கி இறால் படகுகளில் அறை முன்பக்கம், தாழ்வாக, ஒரு பக்கம் திறந்தபடி இருக்கும். பொறி இழுக்கும் உருளை சுக்கானுக்குப் பக்கத்திலேயே உண்டு; ஒரே ஆள் படகையும் ஓட்டிப் பொறியையும் இழுக்கிறார். குளிர்க்கடலில் அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. உலகம் முழுவதும் அதைப் பார்த்துப் படகு கட்டுகிறார்கள், வேலை வேறு என்பதை மறந்து. முன்னால் உயர்ந்த அறையுள்ள படகு நங்கூரத்தில் கிடக்கும்போது காற்று அணியத்தைப் பிடித்து இப்பக்கமும் அப்பக்கமும் தள்ளும். படகு ஓயாமல் வீசி ஆடும், தூண்டில் கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கும். அறை பின்னால் இருந்தால் அதுவே காற்றாடியின் வால் போல நின்று அணியத்தைக் காற்றின் முகத்துக்கே திருப்பி வைக்கும். சூறை வரும் இரவில் இந்த வித்தியாசம் பெரியது. படகோட்டியான தேக்கோங்கும் முன்தளத்தில் வேலை செய்பவர்களைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஓட்டலாம். குறை ஒன்று உண்டு: தூண்டில் போட அமரத்தில் தாராள இடம் கிடைக்காது. நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளிய அறையே இந்தக் கடலுக்குச் சரியான சமரசம். படகின் ஆட்டம் மிகக் குறைவாக உணரப்படுவதும் அங்கேதான்.

உயரத்துக்கு வருவோம். உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம் சுக்கான் பக்கம் மட்டும் போதும். படுக்கைப் பகுதியைத் தாழ்த்தி, தளத்துக்குக் கீழே இறக்கியிருந்தால் கட்டியவர் யோசித்திருக்கிறார் என்று பொருள். முன் கண்ணாடி மேற்புறம் முன்னோக்கிச் சாய்ந்திருப்பது நல்ல அடையாளம்: இரவில் கருவிகளின் ஒளி கண்ணில் எதிரொளிக்காது, மழைநீரும் அதிகம் தங்காது. வெப்ப நாட்டில் குளிர்சாதனம் நம்பிக் கட்டிய அறையைவிட, இரு பக்கமும் திறக்கும் சன்னல்களும் குறுக்கே காற்றுப் பாயும் வழியும் உள்ள அறை நல்லது. கதவுக்கு உயர்ந்த வாசற்படி வேண்டும். தளத்தில் ஏறிய நீர் உள்ளே வழியக் கூடாது. முக்கியமாக, வெளியேற இரண்டு வழி. படகு கவிழ்ந்தால் உள்ளே சிக்கிக்கொள்கிறவர்களுக்குக் கதவு நீரின் அழுத்தத்தில் திறப்பதில்லை. கூரையிலோ பக்கத்திலோ ஓர் ஆள் நுழையும் திறப்பில்லாத அறையில் யாரையும் தூங்க வைக்கக் கூடாது.

இனி நிலைப்பு. இதற்குக் கருவி வேண்டாம், கைக்கடிகாரம் போதும். காற்றில்லாத நேரத்தில், கயிறுகளைத் தளர்த்தி, எண்ணெயும் தண்ணீரும் ஐஸும் ஏற்றிய படகைத் துறையோரத்தில் ஆழமான நீரில் வைத்து, ஒரு பக்கம் நின்று ஆட்டிவிட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், பழைய இடத்துக்கு வருவது ஒரு முழு ஆட்டம். நான்கைந்து ஆட்டங்களின் நேரத்தை எடுத்துச் சராசரி காண வேண்டும். அந்த நொடிகளின் எண்ணிக்கை படகின் அகலத்தை மீட்டரில் சொல்லும் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் தொடக்க நிலைப்பு போதுமானதாக இருக்கலாம் என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சிறு படகுகளுக்குச் சொல்லும் எளிய அளவுகோல். 3.6 மீட்டர் அகலப் படகு 3.6 நொடிக்குள் ஆடி நிமிர வேண்டும். 4 நொடி, 5 நொடி என்று சோம்பலாக ஆடும் படகு துறையில் நிற்கும்போது மிக இதமாக இருக்கும்; புதியவர்கள் அதைத்தான் விரும்பி வாங்குவார்கள். அந்தச் சோம்பல் ஆபத்து. அதே சமயம் இரண்டு நொடிக்குள் வெட்டென நிமிரும் படகும் வேண்டாம். ஆட்கள் தூக்கி எறியப்படுவார்கள், வயிறும் கலங்கும். அகலத்தின் எண்ணைவிட அரை நொடி குறைவாக ஆடுவதே நல்ல நடை.

இந்தச் சோதனையில் தோற்பவை பெரும்பாலும் மாற்றிக் கட்டிய படகுகள். இழுவைப் படகாக ஓடியதை வாங்கி, அறையை நீட்டி, மேலே படுக்கைத் தளம் ஏற்றி, அதற்குமேல் தண்ணீர்த் தொட்டியும் வைத்துவிடுவார்கள். உடலைக் கட்டியவர் அந்தச் சுமையைக் கணக்கில் எடுத்ததே இல்லை. உயிர்மீன் தொட்டி பாதி நிரம்பியிருந்தால் கேடு இன்னும் கூடும்: சாயும் பக்கம் நீர் ஓடி, படகை மேலும் அதே பக்கம் சாய்க்கும். ஆகவே தொட்டி முழுதாக நிரம்பியிருக்க வேண்டும், அல்லது காலியாக இருக்க வேண்டும். தளத்தில் ஏறும் நீரை வடிக்கும் துளைகள் அகலமாக, அடைபடாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

தமிழகக் கரையில் தங்குகடல் படகுக்கு நேர்ந்ததும் கவனிக்கத் தக்கது. 2017இல் பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் சூரைப் படகுத் திட்டம் வந்தது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, மத்திய அரசு 50 விழுக்காடும் மாநில அரசு 20 விழுக்காடும் மானியம் அறிவித்தன. ஆனால் ஆழம் குறைந்த நீரில் ஓரிரவு போய்த் திரும்பும் மீனவருக்கும், தூத்தூர் வட்டாரத்தில் வாரக்கணக்கில் சுறாவும் சூரையும் தேடிப் போகும் மீனவருக்கும் கை பழகிய தொழில் வேறு. புதிய படகு தொழிலையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடாது. அதே ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி கன்னியாகுமரியை ஒட்டிக் கடந்த ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்த படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. வி.எச்.எஃப். வானொலி நேர்கோட்டில் செல்வது. ஆண்டெனாவின் உயரமே அதன் எல்லை. அறையின் கூரை உயர்வதற்கு ஒரே நியாயமான காரணம் அந்த ஆண்டெனாதான். ஜாராக் தூரத்துக்கு, 16ஆம் சேனல் வேலை செய்யும் வானொலியும் செயற்கைக்கோள் வழி அபாயக் குறி அனுப்பும் கருவியும் இல்லாத படகை எவ்வளவு அழகாயிருந்தாலும் வாங்க வேண்டியதில்லை.

இன்ஜினைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தங்குகடலுக்கு உள்ளே பொருத்திய டீசல். பெட்ரோல் ஆவி மூடிய இடத்தில் வெடிக்கும், டீசல் அவ்வளவு எளிதில் பற்றாது. நூறு குதிரைத்திறன் டீசல் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 20 லிட்டர் குடிக்கும். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று தொட்டியைக் கணக்கிடுவார்கள். பழைய இன்ஜினைக் குளிர்ந்திருக்கும்போதே ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் நாளை வருவதாகச் சொல்லிவிடலாம். விடாத கறுப்புப் புகை சுமையையோ எரிபொருள் கோளாறையோ காட்டும். நீலப்புகை மசகெண்ணெய் எரிவதைக் காட்டும்.

மரப்படகைக் கரையேற்றிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. நீர்மட்டத்துக்குக் கீழே கப்பற்புழு துளைத்திருக்கும். மேலே வண்ணம் புதிதாக இருக்கும். கத்தி முனையால் ஏராவின் ஓரத்தையும் பலகை முடிவுகளையும் குத்திப் பார்க்க வேண்டும். ஃபைபரில் சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும், உள்ளே பிரிந்த இடம் மொத்தென்றும் ஒலிக்கும். இன்ஜின் தாங்கும் கட்டைகள், அமரப் பலகை, அறையின் சுவர் தளத்தோடு சேரும் மூலை ஆகிய மூன்றும் முதலில் கெடும் இடங்கள். அந்த மூலையில் விரிசல் தெரிந்தால், உடலும் அறையும் வெவ்வேறு திசையில் ஆடிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் லுமுட்டிலிருந்து ஜாராக்குக்கு நான்கு பேரும் ஒரு தேக்கோங்கும் போய்த் தங்க 34 முதல் 38 அடி வரையுள்ள, உருண்டை அடியும் நடுவுக்குச் சற்றுப் பின்னால் தாழ்ந்த அறையும் ஒற்றை டீசலும் கொண்ட படகு போதுமானது. அறைக்கு மேல் தளம் வேண்டாம்.